கிசுகிசுத்தால் உயிரை விடும் பெட்டி

கம்ப்யூட்டர் செத்த நேரத்தில், அதைக் கொன்றவன் என்று குற்றம் சாட்டப்பட்ட ஆள் எங்களோடு வாசலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். மூடியிருந்த கதவுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் வெடித்தது.

"போச்சு. மறுபடியும் போச்சு. எங்கே அவன்?"

"இங்கதான் இருக்கேன் அக்கா," என்றான் அவன், ஒரு கால் செருப்போடு. "நான் உள்ள வரவே இல்ல."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். குறித்துக்கொள் என்று அர்த்தம். பேனாவைத் திறந்தேன். அது வழக்கம்போல என் விரல்களில் நீல மையைக் கக்கியது. இந்தப் பேனாவை மாற்று என்று மேடம் பல தடவை சொல்லிவிட்டார். நான் விசுவாசி, எதையும் சட்டென்று கைவிடுவதில்லை.

மேடம் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் அவருடைய உதவியாளன். வாய் ஓயாது என்பதால் என் பெயர் ரேடியோ. சுவிட்ச் இல்லாத ரேடியோ என்பது மேடத்தின் திருத்தம். அப்படிப்பட்ட என்னை அவர் அழைத்து வந்திருந்த இடம் ஒரு ஒலிப்பதிவு அறை. மீனைக் கூட்டிக்கொண்டு போய் மொட்டை மாடியில் விட்ட மாதிரி.

மாடியில் ஒரே ஒரு அறைதான். வேற்றுமொழிப் படங்களுக்கு இங்கே நம் மொழியில் குரல் கொடுப்பார்கள். கண்ணாடித் தடுப்பு, தனிக்கூண்டு எல்லாம் பெரிய இடங்களுக்கு. இங்கே கம்பளிப் போர்வைகளைத் தொங்கவிட்ட ஒரு மூலையில் மைக். இந்தப் பக்கம் மேஜை, மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டர் பெட்டி. ஒலிப்பதிவு செய்வது அக்கா. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது அவள் தம்பி, வாசலில் எங்களோடு நின்றவன். எங்களைக் கூப்பிட்டது அவன்தான்.

போர்வை மூலையில் வயதான ஒரு பெண்மணி வெந்நீர்க் குவளையோடு உட்கார்ந்திருந்தார். அவர் முகம் யாருக்கும் தெரியாது. குரலைக் கேட்டால் ஊருக்கே தெரியும். திரையில் அம்மாவாக வந்த பாதிப் பேருக்கு இவர்தான் குரல். எல்லோரும் குரலம்மா என்றே அழைத்தார்கள். எங்களைப் பார்த்துக் கும்பிட்டார், பேசவில்லை.

"பேசமாட்டாங்க," என்றாள் அக்கா. "பேசக்கூடாது. நாளைக்குக் காலைல தொண்டைல ஆபரேஷன். அதுக்கப்புறம் குரல் வரும், ஆனா இந்தக் குரல் வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இந்தப் படத்துல ஒரே ஒரு காட்சி பாக்கி. அம்மா குழந்தைகிட்ட கிசுகிசுன்னு பேசற காட்சி. இன்னைக்கு முடியலைன்னா படம் முழுக்க இவங்க பேசி, கடைசிக் காட்சியில வேற யாரோ பேசுவாங்க. இவங்க கடைசியாப் பேசின படம் அப்படியா முடியணும்?"

குரலம்மா பென்சிலால் நாற்காலிக் கையில் இரண்டு தட்டு தட்டினார். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை.

"ஒவ்வொரு தடவையும் பாதிக்கு மேல போனதும் பெட்டி பொட்டுன்னு அணைஞ்சுடுது," என்றாள் அக்கா. "வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையுது. அம்மா தொண்டைல இன்னும் எத்தனை தடவைக்குச் சீவன் இருக்கும்? எல்லாம் இவன் செஞ்ச வேலை. நல்லா இருந்த பெட்டியை நோண்டி நோண்டி."

"நல்லா இருந்துதா? படம் திக்கித் திக்கி ஓடினது நல்லாவா?" என்றான் தம்பி.

"திக்கினா என்ன, உயிரோட இருந்துதே."

மேடம் கையை உயர்த்தினார். "தம்பி சொல்லுங்க. என்ன செஞ்சீங்க?"

அவன் பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவன் முகத்தில் அழுகையும் பெருமையும் இடத்துக்குச் சண்டை போட்டன.

"ஓவர்கிளாக் பண்ணேன் மேடம். கம்ப்யூட்டரோட மூளை பிராசஸர். அதை ஒரு வேகத்துல கட்டி அனுப்புவாங்க. அதுக்கு மேலயும் ஓட அதுக்குத் தெம்பு இருக்கும். கம்ப்யூட்டர் முழுசா எழுந்திருக்கறதுக்கு முன்னாடி ஒரு செட்டிங் பக்கம் வரும். அதுல வேகத்தைக் கொஞ்சம் ஏத்தணும், கூடவே வோல்டேஜையும் ஒரு சிட்டிகை ஏத்தணும். சோதிச்சுப் பார்க்கணும். நின்னா இன்னும் கொஞ்சம் ஏத்தணும்."

"சமையல் மாதிரி," என்றேன்.

"சமையல் மாதிரிதான். அடிபிடிக்கிற வரைக்கும் தெரியாது."

"இதுக்கு முன்னாடி எத்தனை பெட்டிக்குச் செஞ்சிருக்கீங்க?"

"இதுதான் முதல்," என்றான், தரையைப் பார்த்து.

அக்கா என்னைப் பார்த்தாள். கேட்டீர்களா என்பது போல. ஆழம் தெரியாமல் காலை விட்டவன் என்று எனக்கும் பட்டது. அவன் விடாமல் சொன்னான். முதல் தடவை ஆசைப்பட்டு ஒரேயடியாக ஏற்றியதும் திரை கருப்பாகவே இருந்ததாம். உயிரே போய்விட்டதாம், அவனுக்கு. பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் பொத்தான் பாட்டரியைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்து மாட்டியதும் பழைய வேகத்துக்கு எழுந்து வந்ததாம். அதன்பின் படி ஏறுவதுபோல மெல்ல ஏற்றியிருக்கிறான். பெட்டிக்குள் பெரிய காத்தாடி ஒன்றையும் வாங்கிப் பொருத்தியிருக்கிறான்.

"மறுபடி பழைய வேகத்துக்கே இறக்கிப் பார்த்தீங்களா?" என்றார் மேடம்.

"நேத்து இறக்கினேன். சாகலை. ஆனா படம் திக்கிச்சு, உதடும் பேச்சும் ஒட்டவே இல்ல. அம்மா தொண்டைதான் வீணாச்சு. இந்த வேகம் இல்லாம இந்தக் காட்சி நடக்காது மேடம். இந்த வேகத்துல பெட்டி நிக்கும். நான் சோதிச்சிருக்கேன். யாரோ கெடுக்கறாங்க. எனக்கு ஆள்மேல சந்தேகம் இருக்கு. முன்னாடி இங்க வேலை பார்த்துட்டு, இப்ப எதிர்த் தெருவுல தனியா ஸ்டூடியோ போட்டிருக்கானே, அவன். நெட் வழியா உள்ள வந்து..."

மேடம் குனிந்து பெட்டியின் பின்பக்கம் பார்த்தார். நெட் கம்பி கழற்றித் தரையில் கிடந்தது.

"ரெக்கார்டிங் நேரத்துல நெட் கிடையாது. நடுவுல மெயில் வந்து மணி அடிச்சா எரிச்சலா இருக்கும்," என்றாள் அக்கா.

எதிர்த் தெரு வில்லன் அந்தக் கம்பியோடு போனான். எனக்கு வருத்தம்தான். அவனை மிரட்டப் போகும் வழியில் ஏதாவது சாப்பிட்டிருக்கலாம்.

தம்பி சோதனையை ஓடவிட்டான். பிராசஸரின் கழுத்தில் கத்தி வைத்து வேலை வாங்கும் ஒரு புரோகிராம். காத்தாடி பேயாக இரைந்தது. நாங்கள் உட்கார்ந்தோம். உட்கார்ந்துகொண்டே இருந்தோம். பெட்டி கல் மாதிரி நின்றது. நோயாளியை டாக்டரிடம் கொண்டுபோனதும் காய்ச்சல் விட்டுவிடுமே, அதே துரோகம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பார்த்தீங்களா," என்றான் தம்பி.

"யாருக்கு வேணும் உன் சோதனை," என்றாள் அக்கா. "ரெக்கார்டிங்ல நிக்கணும்."

"ரெக்கார்டிங்ல எப்பவும் சாகுதா?" என்றார் மேடம்.

அக்கா யோசித்தாள். "காலைல சந்தையில சண்டை போடற காட்சிக்கு நாலு பேர் வந்து தொண்டை கிழியக் கத்திட்டுப் போனாங்க. அப்போ ஒண்ணும் ஆகலை. முந்தாநாள் போர்க்காட்சி, அதுவும் ஒழுங்கா முடிஞ்சுது. செத்தது..." விரலை மடக்கினாள். "அந்தப் பொண்ணு தனியா அழுதது. கிழவர் சாகறப்போ முனகினது. அப்புறம் இது."

"வீரமான பெட்டி," என்றேன். "சண்டைன்னா நிக்கும். செண்டிமெண்ட்தான் ஆகாது போலிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. மேடம் மட்டும் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். நான் எப்போதாவது உருப்படியாகப் பேசினால் வரும் பார்வை அது. எனக்கே பயமாக இருந்தது.

பிறகு அவர் அறையைச் சுற்றினார். நானும் பின்னாலேயே போனேன். சுவர்க் கடிகாரம் நின்றிருந்தது, பாட்டரியை எடுத்து மேலேயே வைத்திருந்தார்கள். நாற்காலிகளின் சக்கரங்களைக் கழற்றிவிட்டுக் கால்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டியிருந்தார்கள். கதவுக் கீலில் எண்ணெய் வழிந்தது. ஏசியின் ரிமோட், மின்விசிறியின் சுவிட்ச், மைக் பக்கத்து விளக்கு எல்லாம் அக்காவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. ஒலிப்பதிவு நடக்கிறது என்று காட்டும் சிவப்பு பல்பின் சுவிட்சும் அங்கேதான்.

"இந்த அறையில சத்தம் போடற எதுவும் உயிரோட இல்ல," என்று முணுமுணுத்தேன்.

"நீ இருக்கியே," என்றார் மேடம்.

மேடம் தன் மூக்குக்கண்ணாடியைக் கீழே தவறவிட்டு, அதைத் தேடும் சாக்கில் மேஜைக்கு அடியில் புகுந்தார். உள்ளே வெகுநேரம் இருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு பெட்டி, கொத்துக் கொத்தாகக் கம்பிகள், எல்லாவற்றின் மேலும் ஒரு விரல் தூசி. மேஜையின் உள்விளிம்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கருப்புக் குமிழ் ஒட்டியிருந்தது. அதில் மட்டும் தூசி இல்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை. நினைத்தேன் என்று சொன்னால் மேடம் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவார்.

வெளியே வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நீங்க கம்ப்யூட்டரைத் தொடுவீங்களா?"

"மௌஸும் கீபோர்டும்தான்," என்றாள் அக்கா. "பெட்டி பக்கம் கையே போகாது. தொடாதேன்னு இவன் சத்தியம் வாங்கியிருக்கான். நான் சொன்ன சொல்லை மீறமாட்டேன். அவனையே கேளுங்க."

"உண்மைதான் மேடம்," என்றான் தம்பி. "அக்கா தொடமாட்டா."

"கிசுகிசுப்பான காட்சி எடுக்கறப்போ அறையில யார் யார் இருப்பாங்க?"

"அம்மா மைக்குக்கு முன்னாடி, நான் இங்க. வேற யாரையும் விடமாட்டேன். இவன் மூச்சு விட்டாலே மைக்ல விழும். வெளிய போடான்னு அனுப்பிடுவேன்."

"சண்டைக் காட்சிக்கு?"

"அதுக்கு யார் இருந்தா என்ன."

"சரி. இப்ப அந்தக் குழந்தைக் காட்சியை எடுக்கலாம். எல்லாரும் உள்ளயே இருப்போம். அம்மா பேசவேண்டாம், தொண்டையைச் செலவு பண்ணவேண்டாம். ரேடியோ பேசுவான்."

வாழ்நாளில் நான் கிசுகிசுத்ததே இல்லை. என் ரகசியங்கள் தெருமுனை வரை கேட்கும். "மேடம், நான் போய் ஒரு தாய் மாதிரி..."

"மாமா மாதிரி பேசு, போதும். உன் பேனாவைக் குடு."

பேனாவைக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்பதற்குள் போர்வை மூலைக்குத் தள்ளப்பட்டேன். திரையில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அம்மாக்காரி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அதன் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குகிறாள். முடி மறுபடி பறந்து விழுகிறது. அவள் மறுபடி ஒதுக்குகிறாள். அந்தக் குழந்தைக்கு யாராவது முடி வெட்டிவிட்டால் படம் பத்து நிமிஷம் குறையும் என்று தோன்றியது.

அக்கா எரிச்சலோடு தயாரானாள். ஏசி நின்றது. மேலே மின்விசிறி நின்றது. சிவப்பு பல்பு எரிந்தது. எங்கேயோ மெல்ல, ஒரு இரைச்சல் வடிந்தது. அறை அப்படியே அமுங்கிப்போனது, என் வயிறு கத்துவது எனக்கே கேட்டது.

"தூங்கு," என்று கிசுகிசுத்தேன். "தூங்குடா ராஜா. நான் பேசிக்கிட்டே இருக்கேன்." வசனம் கிட்டத்தட்ட அவ்வளவுதான், ஆனால் இடையிடையே நிறைய மௌனம். திரையில் அவள் உதடு அசையும்போதெல்லாம் நான் பூனை மாதிரிச் சீறினேன். குரலம்மா கண்ணை மூடிக்கொண்டார். தொண்டையைவிட அவருக்குக் காதுதான் வலித்திருக்கும்.

பாதிக்கு மேல் போயிருப்போம். திரை பொட்டென்று இருண்டது.

"போச்சு," என்றாள் அக்கா. பல்பு அணைந்தது, மின்விசிறி சுற்றத் தொடங்கியது. "இதோ, இவன் இங்கயே நிக்கறான். நீங்க எல்லாரும் பார்த்தீங்க. பெட்டியே கெட்டுப்போச்சு. நீ கெடுத்துட்டே. போடா, இனிமே இந்தப் படி ஏறாதே."

தம்பியின் நம்பிக்கையும் அந்தத் திரையோடு அணைந்ததை நான் பார்த்தேன். ஓங்கி யாரையாவது திட்டவேண்டும்போல இருந்தது. ஆள்தான் கிடைக்கவில்லை.

"எல்லாரும் கையை நீட்டுங்க," என்றார் மேடம்.

"எதுக்கு?" என்றாள் அக்கா.

"நீட்டுங்க."

தம்பி நீட்டினான். சுத்தமான கை. நான் நீட்டினேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நீலம்.

"உங்க ஆளேதானா," என்றாள் அக்கா.

"அவன் கை எப்பவும் அப்படித்தான். அவன் பேசறப்போ மேஜைக்கு அந்தப் பக்கம் நின்னான். உங்க கையைப் பாருங்க."

அக்கா பார்த்தாள். அவளுடைய வலதுகைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் அதே நீலம், ஈரம் காயாமல். யாரோ தன் கையை மாற்றி வைத்துவிட்டதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மேஜைக்கு அடியில ஒரு குமிழ் இருக்கே, அதுல ரேடியோவோட மையைத் தடவி வெச்சேன்," என்றார் மேடம். "அது என்ன?"

"அது காத்தாடி," என்றாள் அக்கா. "புதுசா மாட்டினானே, அதோட குமிழ். ரொம்பச் சத்தம். சத்தமில்லாத காட்சின்னா அதைக் குறைப்பேன். முடிஞ்சதும் ஏத்திடுவேன். ஏசியை அணைக்கலையா, ஃபேனை அணைக்கலையா, அந்த மாதிரி. சிவப்பு பல்பு எரிஞ்சா கை தானாப் போகும். நான் கம்ப்யூட்டரைத் தொடலையே."

தம்பி மேஜைக்கு அடியில் குனிந்து குமிழைப் பார்த்தான். "அக்கா. அந்தக் காத்தாடிதான் பிராசஸரைக் குளிர வைக்குது. வேகம் கூடினா சூடும் கூடும். காத்து நின்னா கொதிக்கும். கொதிச்சா, கருகிப் போகக்கூடாதேன்னு தானே அணைஞ்சுக்கும்."

"சண்டைக் காட்சியில காத்தாடி சத்தம் யார் காதுக்கும் கேக்காது, அதனால குறைக்கறதில்ல," என்றார் மேடம். "பழைய வேகத்துல சூடு கம்மி, குறைச்சாலும் தாங்கிச்சு. அணைஞ்சதும் நீங்களே ஏத்தி வெச்சுடுவீங்க. இவர் வந்து பார்க்கறப்போ எல்லாம் சரியா இருக்கும். ஒழுங்கான கை. அதுதான் தகராறு."

கூப்பிட்டவன் நிரபராதி. குற்றவாளி கையும் மையுமாகப் பிடிபட்டாள். இந்த இடத்தில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. தம்பியின் முகம் சிவந்துகொண்டு வந்தது.

"இத்தனை நாளா என்னைத் திட்டினியே. படி ஏறாதேன்னு சொன்னியே. செஞ்சது நீ."

"தம்பி," என்றார் மேடம். "அந்தக் குமிழ் எதுக்குன்னு அக்காகிட்ட சொன்னீங்களா?"

"அது... அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"யாருக்கு? உங்க அக்கா காலம் முழுக்கச் செஞ்ச வேலையே சத்தத்தைக் குறைக்கறதுதான். இரையற ஒரு பொருளை வாங்கி, அதைக் குறைக்கற குமிழைக் கொண்டுபோய் அவங்க முழங்காலுக்குப் பக்கத்துல ஒட்டினது யாரு?"

"கம்பி அவ்வளவுதான் எட்டிச்சு," என்றான் தம்பி, மெல்ல.

அக்கா நீல விரல்களைப் புடவையில் துடைத்தாள். மை போகவில்லை. "அப்போ காத்தாடி முழுசா ஓடினாத்தான் பெட்டி நிக்கும். ஓடினா கிசுகிசுப்புமேல இரைச்சல் விழும். அதை அப்புறமா கழிச்சு எடுக்கலாம், ஆனாலும் கொஞ்சம் மிஞ்சும். இத்தனை வருஷத்துல நான் இரைச்சலோட எதையும் பதிவு பண்ணினதில்ல."

மூலையில் பென்சில் ஒரு தட்டு தட்டியது. குரலம்மா எழுந்து மைக் முன்னால் நின்றிருந்தார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இரைச்சலை நாளைக்கும் கழிக்கலாம்," என்றாள் கடைசியில். "குரலை நாளைக்கு எங்க போய்த் தேடறது." பிறகு வலதுகையை என் பக்கம் நீட்டினாள். "பிடிச்சுக்கோங்க. நான் சொன்னாலும் விடாதீங்க. இது என் பேச்சைக் கேக்காது."

தம்பி கம்ப்யூட்டரை எழுப்பிவிட்டுக் கதவை நோக்கி நடந்தான்.

"எங்கடா போறே?"

"நீதானே வெளிய போன்னு..."

"இரு," என்றாள். "மூச்சு விடாம இரு."

சிவப்பு பல்பு எரிந்தது. என் பிடிக்குள் அக்காவின் கை விலுக்கென்று இழுத்தது. நல்ல பலம். இரண்டு கையாலும் பிடித்தேன். மேஜைக்கு அடியில் காத்தாடி கூசாமல் இரைந்துகொண்டிருந்தது.

குரலம்மா பேசினார். "தூங்கு."

நான் பேசிய அதே வசனம்தான். ஆனால் அது வேறு வசனம்போல இருந்தது. "தூங்குடா ராஜா. நான் பேசிக்கிட்டே இருக்கேன்." ஒவ்வொரு மௌனத்திலும் அக்காவின் கை குமிழைத் தேடி இழுத்தது, நான் விடவில்லை. பாதியைத் தாண்டினோம். பெட்டி சாகும் இடமும் தாண்டியது. கை இழுப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தது. நானும் பேசவேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் நின்றேன். கடைசி வரி கிட்டத்தட்டக் காற்றுதான். "பேசிக்கிட்டே இருப்பேன்."

பல்பு அணைந்தது. பெட்டி உயிரோடு இருந்தது. தம்பி சுவரில் சாய்ந்து, பிடித்திருந்த மூச்சை விட்டான்.

அக்கா அதைத் திரும்ப ஓடவிட்டாள். குரல் இருந்தது, குரலுக்கு அடியில் காத்தாடியும் இருந்தது. "மன்னிச்சுடுங்கம்மா," என்றாள், கண்ணைத் துடைத்து. நீலம் கன்னத்தில் ஒட்டியது. "ராத்திரியே உட்கார்ந்து இந்த இரைச்சலை எடுத்துடறேன்."

பென்சில் இரண்டு தட்டு தட்டியது.

"எடுக்கவேண்டாமா? ஏன்?"

குரலம்மா பென்சிலைத் திரையை நோக்கி நீட்டினார். குழந்தையின் நெற்றி முடி பறந்து விழுகிறது, தாய் ஒதுக்குகிறாள், மறுபடி பறக்கிறது. கட்டிலுக்குப் பின்னால், திரையின் ஓரத்தில், பாதி மட்டும் தெரியும்படி ஒரு மேஜை மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சியை அன்று அத்தனை தடவை ஓட்டியும் நாங்கள் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. மேடம் உட்பட.